மாசி வீதியில் ஓடும் சித்திரைத் தேர்

மதுரைச் சித்திரைத் திருவிழாவின் தேரோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆவலோடு முதல் தடவையாக வந்து, விடிவதற்கு முன்பே சித்திரை வீதியில் நல்ல இடமாகப் பார்த்துத் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்ட வெளியூர் நண்பர் ஒருவரை நான் அறிவேன். சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் வேறு எங்கே ஓடும் என்பது அவருடைய நியாயம். வெயில் ஏறும் வரையில் அவர் அங்கேயே இருந்தார். கடைசியில், பூக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த ஒரு மூதாட்டிதான் அவரைப் பார்த்து, "சித்திரைத் தேரு மாசி வீதியிலேல்ல ஓடும், இங்க எதுக்குய்யா உக்காந்திருக்கீக?" என்று கேட்டாளாம். நண்பர் ஓடிப்போய்ச் சேருவதற்குள் தேர் கீழமாசி வீதித் தேரடியை விட்டுப் புறப்பட்டு வெகுதூரம் போய்விட்டது. அவர் கண்டதெல்லாம் ஜனக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மெள்ள அசைந்து போன தேரின் உச்சியைத்தான்.

அந்த நண்பருடைய பிழை மதுரையை அறியாத எவருக்கும் நேரக்கூடியது. கோயிலுக்குள் மதில் ஓரமாகச் சுற்றிவரும் ஆடி வீதிகள், கோயிலுக்கு வெளியே முதற் சுற்றாகச் சித்திரை வீதிகள், அதற்கு அடுத்த சுற்றாக ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள் என்று, ஒன்றை ஒன்று சூழ்ந்து கிடக்கும் இந்தச் சதுரங்களுக்கு, அந்தந்த மாதத்து உற்சவத்தில் சுவாமி எழுந்தருளிப் பிரதட்சிணமாக வந்த முறைமையை ஒட்டியே பெயர்கள் அமைந்தன. மீனாட்சியம்மையின் திருக்கல்யாணமும் தேரோட்டமும் முற்காலத்தில் மாசி மாதத்தில் நடந்தன என்றும், 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி, அதுவரை தேனூரில் வைகையில் இறங்கிக்கொண்டிருந்த அழகரையும் மதுரைக்கு வரச்செய்து, சைவ விழாவையும் வைணவ விழாவையும் ஒன்றாகக் கோத்துவிட்டார் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அறுவடை வேலைகள் ஓய்ந்த காலத்தில் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவதற்குச் சௌகரியமாக இருக்கும் என்பது அந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணம். மாதம் மாறிற்று, தேரின் தடம் மாறவில்லை. வீதியின் பெயரும் மாறவில்லை. ஆகவே சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதியில் ஓடுகிறது.

மதுரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அரசர்களிலிருந்து ஆரம்பித்துக் கோபுரங்களில் போய் முடிக்கிறார்கள். பாண்டியர், சுல்தான்கள், விஜயநகரத்தார், நாயக்கர், நவாபு, கும்பினியார் என்று அந்த வரிசை நீளும். ஆனால் இந்தப் பழைய ராஜதானியில் அரசர்கள் வசித்த கட்டடங்களில் எஞ்சியிருப்பவை மிகச் சொற்பம். பாண்டியர்களுடைய அரண்மனை எங்கே இருந்தது என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு சுவர்கூட இல்லை. அரண்மனைகள் போய், கோட்டை போய், அகழியும் தூர்ந்து போன பிறகும் குலையாமல் நிற்பது வீதிகளின் அமைப்பு ஒன்றுதான். அரசன் தன் மாளிகையை இடித்து வேறிடத்தில் கட்டிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் தேர் ஓடவேண்டிய வீதியை இடம் பெயர்க்க அவனாலும் முடியாது. அகலத்தைக் குறைக்கவும் முடியாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருபுறமும் ஓடிவரவேண்டும், வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடக்கவேண்டும், தேர் திரும்ப மூலையில் இடம் வேண்டும். மாசி வீதிகளின் விஸ்தீரணத்தை நிர்ணயித்த எஞ்சினியர் அந்தத் தேர்தான் என்பது என் அபிப்பிராயம்.

சங்க நூல்களில் வரும் மதுரையும் இன்றைய மதுரையும் ஒரே நிலத்தில்தான் இருந்தனவா என்று அறிஞர்கள் வாதிப்பதுண்டு. நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், வைகையின் தென்கரைச் சமவெளியில், கீழடித் தென்னந்தோப்புகளுக்கு அடியில் செங்கற் சுவர்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்ட பிறகு அந்த வாதம் இன்னும் சூடு பிடித்திருக்கிறது. அதற்குள் நான் நுழையப் போவதில்லை. மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்மேல் பாடிய மதுரைக்காஞ்சியில் பகற்கடையாகிய நாளங்காடியும் இராக்கடையாகிய அல்லங்காடியும் தனித்தனியாக வருணிக்கப்படுவதையும், சிலப்பதிகாரத்துக் கோவலன் மாதரியின் மனைக்குப் போவதற்கு முன்னால் நகரத்தைச் சுற்றிப் பார்க்கிறபோது இரத்தினக் கடைகள், பொற்கடைகள், துணிக்கடைகள், தானியக் கடைகள் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு வீதி இருந்ததையும் மாத்திரம் வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள், கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாயும் மல்லியும் மூட்டை மூட்டையாக இறங்குகிற மண்டிகள் என்று இன்றும் அந்தக் கிரமம் தொடர்கிறது.

1529-ஐ ஒட்டி விசுவநாத நாயக்கர் மதுரையின் ஆட்சியை ஏற்றபோது, பாண்டியர் காலத்துச் சிறிய கோட்டையை இடித்துவிட்டு, அதைவிட விரிவான கோட்டையைக் கட்டினார். பழைய கோட்டையின் கீழ்வாசல் மாத்திரம் தப்பிப் பிழைத்தது. இடிக்காமல் விட்ட வாசலாகையால் அதற்கு விட்டவாசல் என்றே பெயர் ஏற்பட்டது. அம்மன் கோயிலுக்கு நேர் கிழக்கே, இருசக்கர வண்டிகளும் சுமை வண்டிகளும் நெருக்கியடிக்கிற இடத்தில், பாண்டிய ராஜ்யத்தின் கடைசி வாசல் அடையாளம் தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறது. புதிய கோட்டைக்கு எழுபத்திரண்டு கொத்தளங்கள் அமைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரருடைய காவலில் ஒப்படைத்த திட்டம் தளவாய் அரியநாத முதலியாருடையது என்பார்கள். ராஜ்யத்தின் எழுபத்திரண்டு பாளையங்களும் தலைநகரின் சுவரிலே இப்படி வட்டமாக வந்து நின்றன.

இந்தக் கோட்டை மூன்று நூற்றாண்டுகள் நின்றது. யூசுப் கான் என்னும் கான் சாகிப் கும்பினியாரை எதிர்த்து நின்று 1764-இல் பிடிபட்டுத் தூக்கிலிடப்படும் வரையில் அது கோட்டையாகவே பயன்பட்டது. அவன் பெயர் கான்சாமேட்டுத் தெருவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் யுத்தங்கள் ஓய்ந்தன. கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. சுவருக்குள் ஜனங்கள் நெருக்கத்தில் தவித்தார்கள். 1840-ஆம் ஆண்டை ஒட்டி, கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்கத் துணிந்தார். சர்க்கார் கஜானாவில் அதற்குப் பணம் ஏது? ஆகவே அவர் ஒரு யுக்தி செய்தார். தனக்கு வேண்டிய துண்டு நிலத்துக்கு எதிரே உள்ள சுவரை இடித்து, அந்த மண்ணாலும் கல்லாலும் அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தைக் கொடுப்பது என்று ஏற்பாடு. கோட்டையை ஜனங்களே இடித்து, அகழியை ஜனங்களே நிரப்பி, அதன் மேல் வீடும் கட்டிக்கொண்டார்கள். அவ்வாறு உண்டான மூன்று சுற்றுக்களில் வெளிப்புறத்துச் சுற்று வெளி வீதிகளாயிற்று. நில அளவை செய்த மாரட் என்ற துரையின் பெயரால் மாரட் வீதிகளும், வேலையை மேற்பார்த்த பெருமாள் என்ற மேஸ்திரியின் பெயரால் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அமைந்தன.

ஐரோப்பாவில் வியன்னா மாநகரத்துக் கோட்டைச் சுவரை இடிக்கும்படி பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி ஆணை பிறப்பித்தது 1857-ஆம் வருஷத்தில். சுவரும் வெளிநிலமும் இருந்த இடத்தில் அமைந்த வட்டச் சாலை 1865-இல் திறக்கப்பட்டது. இசை நாடக அரங்கும் நாடாளுமன்றமும் அரும்பொருள் மண்டபங்களும் அதன் கரையில் எழுந்தன. உலகத்துக் கட்டடக்கலை மாணவர்கள் அனைவரும் அதை வியந்து படிக்கிறார்கள். மதுரை அதே காரியத்தை வியன்னாவுக்கு முந்தியே, சக்கரவர்த்தியும் இல்லாமல் சிற்பாசாரியர்களும் இல்லாமல், ஒரு மேஸ்திரியை வைத்துக்கொண்டு செய்து முடித்தது. எங்கள் வட்டச் சாலையில் இசை அரங்கு எழவில்லை. லாட்ஜுகளும் லாரி செட்டுகளும் எழுந்தன. அதற்காக மதுரைக்காரன் வருந்தவேண்டியதில்லை என்றாலும், வெளி வீதியில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் தாம் அகழிக்குள் ஓடுகிறோம் என்று உணர்வார்கள்?

பிளாக்பர்னுக்கு நன்றியறிதலாக ஊரார் நாட்டிய விளக்குத்தூண், தெற்கு மாசி வீதியும் கீழமாசி வீதியும் கூடுகிற பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பகுதிக்கே விளக்குத்தூண் என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் துரையின் பெயரை அங்கே கடை வைத்திருப்பவர்கள்கூடச் சொல்லக் கேட்டதில்லை. மாறாக, கரண்டியும் மட்டக்கோலும் பிடித்த பெருமாள் மேஸ்திரியின் பெயரை ஒவ்வொரு நாளும் ஆட்டோக்காரர்களும் தபால்காரர்களும் உச்சரிக்கிறார்கள். இடிந்த கோட்டையின் வாசல்களும் அப்படியே. கீழவாசல் இருக்கிறது, தெற்குவாசல் இருக்கிறது, வாசல்தான் இல்லை. பெரியார் பஸ் நிலையத்தின் அருகே கோட்டைச் சுவரின் ஒரு துண்டு மட்டும் பிழைத்து நிற்பதை, நின்று பார்க்க அவகாசமுள்ளவர்கள் பார்க்கலாம்.

இனி, இந்த வீதிகளின் இருமருங்கும் இருந்த வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மதுரைப் பழைய நகரத்து வீட்டுக்கு முகம் குறுகலாகவும் முதுகு நீளமாகவும் இருக்கும். வீதியில் பத்துப் பன்னிரண்டு அடி மாத்திரமே காட்டி, உள்ளே போகப் போக, திண்ணை, நடை, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று நீண்டு, பின் சந்திலே போய்த்தான் மூச்சு விடும். பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் ஒரே சுவர். தேர் வீதியில் முன்வாசல் வைத்திருப்பது பெருமை. ஆகையால் எல்லாரும் அந்தப் பெருமையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆழத்தில் தேடிக்கொண்டார்கள். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக மேலேயிருந்து இறங்கும். மழை நாளில் நான்கு தாழ்வாரங்களிலிருந்தும் முற்றத்தில் தண்ணீர் கொட்ட, அண்டாக்களையும் தவலைகளையும் வரிசையாக வைத்துப் பிடித்துக்கொள்ளுவார்கள்.

மேல்தளம் போட்ட முறையைச் சற்று விவரித்தால், இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாகலாம். தேக்கு உத்தரங்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைப் படுக்கவைக்காமல், விளிம்பு மேலாக நிறுத்திச் சாய்வு வரிசைகளாகக் கட்டிக்கொண்டே போவார்கள். அடியில் முட்டுப் பலகை ஏதும் வேண்டுவதில்லை, ஒரு வரிசையின் சுண்ணாம்பு அடுத்த வரிசையைத் தாங்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கூலிப்பெண்கள் இருபுறமும் வரிசையாகக் குந்தியிருந்து, கட்டைகளால் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டே இருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளித்து, கட்டை பட்டால் தடம் பதியாமல் துள்ளுகிற வரையில், நாட்கணக்காக அடிக்கவேண்டும். கடைசியில் தட்டோடு பதித்து மூடுவார்கள். இதற்குத்தான் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவர்ப் பூச்சுக்கு வேண்டிய சுண்ணாம்பை மாடு கட்டிய செக்கில் அரைத்து, வடிகட்டி, முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். முகம் தெரிகிற அந்தப் பூச்சின் மேல் கோடைக் காலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் உண்டாகிற குளிர்ச்சியை எந்த இயந்திரமும் தருவதில்லை என்று பழைய மனிதர்கள் சொல்வார்கள். சாய்ந்து பார்த்தவன் என்ற முறையில் நானும் அதை ஆமோதிக்கிறேன்.

திண்ணைக்கு வருவோம். அது வீட்டுக்காரனுக்குச் சொந்தம், வீதிக்கு உபயோகம். திருவிழாவுக்கு வந்த கிராமத்தார் கட்டுச்சோற்றை அவிழ்த்தது அங்கே. பிள்ளைகள் மணலில் எழுத்துப் படித்தது அங்கே. கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்ததும் அங்கேதான். வியாபாரம் பெருகப் பெருக, முதலில் திண்ணையின் ஒரு பாதியைக் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டார்கள். பிறகு மற்றப் பாதியும் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று சுண்ணாம்பிலோ உளியாலோ எண்ணிட்ட பலகைகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கி, இரவில் அதே வரிசையில் காடியில் செருகி, கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுகிற பலகைக் கடைகள் அப்படித்தான் பிறந்தன. வரிசை தப்பினால் கதவு சேராது. இருட்டில் ஏழாம் பலகையைத் தேடி முனகிக்கொண்டிருந்த பருப்புக் கடைப் பையன் ஒருவனை, கீழமாசி வீதியில் நான் பல இரவுகள் பார்த்திருக்கிறேன். இப்போது அங்கே இரும்புச் சுருள் கதவு. ஒரே இழுப்பில் காரியம் முடிந்துவிடுகிறது.

1866-இல் முனிசிபாலிட்டி ஏற்பட்டது. 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து ரயில் வந்தது. ராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரம் ரயிலடிக்கு எதிரே அமைந்து வந்தவர்களை வரவேற்றது. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைச் சமவெளிக்கு இறங்கியதும், மேலூர்ப் பக்கத்து நெல் வண்டிகள் நகரத்து மண்டிகளை நோக்கி வரத் தொடங்கின. 1901 ஜனக் கணக்கில் மதுரையில் இருந்தவர்கள் 1,05,984 பேர். இவ்வளவு பேரையும் தாங்கியவை, பெரும்பாலும், நாயக்கர் காலத்து வீதிகளே.

தொழில்களின் பெயரால் அமைந்த தெருக்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். வளையல்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு, வெற்றிலைப் பேட்டை. எனக்கு மிகவும் பிரியமானது எழுத்தாணிக்காரத் தெரு. பனையோலையில் எழுதுகிற காலம் முழுவதும் எழுத்தாணிக்கு ஓயாத தேவை இருந்திருக்கும். கணக்கனுக்கு ஒன்று, புலவனுக்கு ஒன்று, பள்ளிப்பிள்ளைக்கு ஒன்று. ஓலை மறைந்து காகிதம் வந்ததும் அந்தத் தொழில் போயிற்று. ஆனாலும் தமிழ்ச் சங்கத்துக்குப் பேர்போன ஊரிலே, புலவர்களின் பெயரை வைத்த தெருக்களெல்லாம் பின்னால் வந்தவை. அவர்களுக்குக் கருவி அடித்துக் கொடுத்த கொல்லர்களின் தெருதான் மூத்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகக் கட்டிய புதுமண்டபம், மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இன்னும் 'புது' மண்டபமே. நாயக்க மன்னர்களின் உருவங்கள் தூண்களில் கைகூப்பி நிற்க, அவற்றின் காலடியில் தையல்காரர்கள் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த காட்சியை மதுரையில் வளர்ந்தவர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. யாளியின் வாயில் நூற்கண்டு தொங்கும். குதிரை வீரனின் வாளில் அளவு நாடா தொங்கும். பங்குனி பிறந்துவிட்டால் அவர்களுக்கு இராத்தூக்கம் இல்லை. கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் உடுத்தும் சல்லடமும் உருமாலும் சரிகைச் சட்டையும் அங்கேதான் தைத்தாகவேண்டும். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் துணித் துண்டுகள் கருங்கல் தரையில் குவிந்து கிடக்கும். பக்கத்திலேயே புத்தகக் கடை, பாத்திரக் கடை, குங்குமக் கடை. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவில், கோயிலுக்குள் கிழக்கே உள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிக் கடைகள் எரிந்து, கல்தூண்களும் வெடித்துச் சரிந்தபோது, மண்டபங்களுக்குள் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. பின்னர்ப் புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களுக்கு அது நல்லதென்பதில் ஐயமில்லை. மண்டபம் வெறிச்சென்று கிடக்கிறதே என்று மனம் சொல்வதையும் மறைக்க விரும்பவில்லை.

அதே திருமலை நாயக்கர் 1636-இல் முடித்த அரண்மனையின் கதி இதற்கு நேர்மாறு. அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, மகாலின் பெரும் பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார். சென்னை ராஜதானியின் கவர்னராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைச் செப்பனிடாதிருந்தால், இன்று நாம் பார்க்கிற சுவர்க்க விலாசமும் நம் கண்ணுக்குக் கிட்டியிராது. முழு அரண்மனை இன்றுள்ளதைப்போல் நான்கு மடங்கு இருந்தது என்பார்கள். போன மாளிகையின் இடத்தில் வீடுகள் முளைத்தன. வீடுகளுக்கு நடுவே, ஒரு சந்தில், பிரமாண்டமான பத்துத் தூண்கள் மட்டும் எதையும் தாங்காமல் நிற்கின்றன. பத்துத்தூண் சந்து என்று அந்தச் சந்துக்குப் பெயர். ஜவுளி மூட்டைகளைத் தலையில் வைத்து ஓடுகிறவர்கள் அவற்றின் மேல் இடித்துக்கொள்ளாமல் லாகவமாக வளைந்து போவதைப் பார்த்தால், அந்த அரண்மனையின் அரங்க விலாசத்துத் தூண்கள் அவர்களுக்கு வீதியோரத்து வேப்பமரங்களைப் போலப் பழகிவிட்டன என்பது தெரியும். அரண்மனை நௌபத்து முழங்கிய இடம் நவபத்கானாத் தெரு ஆகிவிட்டது.

அரசர் போன பிறகும் அரண்மனையைச் சுற்றிலும் தங்கியவர்கள் சௌராஷ்டிரர்கள். பட்டு நெய்வதற்காக நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறி, மகாலின் நிழலிலே தெருத் தெருவாக வாழ்ந்துவந்த அவர்கள், விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி தோய்த்து, இருபுறமும் நடந்து நடந்து நூலைச் சீவிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்தாகவேண்டும். அது வரையில் அந்தத் தெருவில் வண்டி வராது, வந்தாலும் காத்திருக்கும். பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து, துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் தோய்க்கக் கொடுப்பார்கள். காய்ந்த பின் முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் நட்சத்திரங்களாக விரியும். அதுவே சுங்குடிச் சேலை. வீடும் பட்டறையும் தெருவும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

இரவைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரையைத் தூங்கா நகரம் என்று அழைப்பது இப்போது விளம்பர வாசகம்போல் ஆகிவிட்டது. நள்ளிரவு தாண்டி இட்லிக் கொப்பரையைத் திறக்கிறவளும், விடிவதற்கு முன் பருத்திப்பால் தூக்கோடு புறப்படுகிறவனும், மல்லிகைப் பூவை முழம் போட்டுக் கொடுக்கிறவளும் அந்த வாசகத்தை அறியமாட்டார்கள். லாரிகள் பகலில் மாசி வீதிகளுக்குள் நுழைய முடியாதாகையால் மூட்டைகள் இரவில் இறங்குகின்றன. மூட்டை இறக்குகிறவன் இரவில் சாப்பிடவேண்டியிருக்கிறது. அல்லங்காடிக்கு அதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த மாசி வீதிகளில் ஒன்றான மேலமாசி வீதியில், மதனகோபாலசுவாமி கோயிலுக்குரிய மண்டபம் ஒன்றின் கற்கள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்ததை, 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கச் சீமாட்டி விலை கொடுத்து வாங்கிப் போனார். அந்தத் தூண்கள் இன்று பிலடெல்பியா அரும்பொருட் காட்சிச் சாலையில் மண்டபமாக எழுந்து நிற்கின்றன. ஒன்பது வருஷங்களுக்குப் பின், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, அதே வீதியில் 251-ஏ எண்ணுள்ள வீட்டு மாடியிலிருந்து காந்தியடிகள் மேல்சட்டையும் தொப்பியும் நீத்து, அரையில் முழத்துண்டு மாத்திரம் அணிந்து கீழே இறங்கினார்.

நீர்நிலைகளின் கதை அவ்வளவு கௌரவமானது அல்ல. மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலை நீராடுவதற்காக ஏழு கடல்களும் வந்து கலந்ததாகப் புராணம் சொல்லும் குளத்தைத் தூர்த்துக் கடைகள் கட்டியாயிற்று; ஏழுகடல் தெருவில் ஒரு கைத் தண்ணீர் கிடையாது. கூடலழகர் கோயில் பக்கமாக ஓடி, வைகையோடு சேர்ந்து நகருக்கு மாலையிட்டது என்று சொல்லப்பட்ட கிருதுமால் நதி, இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டிய சாக்கடை. மாற்றம் நீர்நிலைகளோடு நிற்கவில்லை. வடக்கு ஆவணி மூல வீதியின் காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று 1997-இல் அரசாங்கம் போட்ட உத்தரவு இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்பதைத் தெற்குக் கோபுரத்தைப் பார்த்தபடி நான்கு வீதிகளைச் சுற்றி வருகிறவர்கள் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பழைய வீடுகளைக் காப்பாற்றுங்கள் என்று அவற்றில் குடியிருப்பவர்களிடம் கேட்க எனக்கு நாவெழவில்லை. உளுத்த உத்தரத்தின் கீழே தூங்குகிறவர்களின் சிரமம் வெளியே நின்று வியக்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் காசு செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. கடைப் பலகைகளிலும் ரசீதுகளிலும் 'எஸ்.எம். ஸ்ட்ரீட்', 'டபிள்யூ.பி.எம். ஸ்ட்ரீட்' என்று எழுதுகிற வழக்கம் பெருகிவருகிறது. வியாபாரப் பெருமக்களே, அடுத்த முறை பலகை எழுதும்போது தெற்கு மாசி வீதி என்றும், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி என்றும், தயவுசெய்து முழுப் பெயரையும் எழுதுங்கள். இன்னும் நாலு எழுத்துக்கு இடம் இருக்கும்.